ரொக்கி மலைகளில் கண்ட காட்சிகளும் காணாத மனிதர்களும்

கனடாவுக்குச் செல்லும் எம்மவர்களிற் பெரும்பாலானோர் ரொறொன்ரோவில் உறவினர் வீடுகளில் விருந்துண்டு, நயாகரா நீர்வீழ்ச்சியின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாட்டின் மேற்கே, அல்பேர்ட்டா மாகாணத்துக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இடையில் மதிலெனக் கிடக்கும் ரொக்கி மலைத்தொடரை நேரிற் கண்டவர்கள் ஒப்பீட்டளவிற் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஒக்டோபர் மாதத்தில், கல்கரி நகரில் வசிக்கும் மகளின் குடும்பத்தினருடன் அம்மலைகளில் மூன்று நாட்களைக் கழிக்கும் வாய்ப்பு எனக்கும் மனைவிக்கும் கிட்டியது.

கல்கரியிலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 130 கிலோமீற்றர் சென்றால் பான்ஃப் என்ற சிறிய நகரம் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 1,383 மீற்றர். எமது நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் நுவரெலியாவுக்குத் தாழ்ந்த இந்த ஊரில், நாம் சென்றிருந்தபோது அதிகாலை வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏழு பாகை. குளிர் என்பது உயரத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிக் கூற முற்பட்டேன். கையுறைகளைத் தேடுவதில் மும்முரமாக இருந்த அவர்கள் அதனைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. மார்கழி மாதத்து நுவரெலியாவே குளிரின் எல்லை என்று அதுவரை நம்பியிருந்த மனைவி, இரண்டு ஸ்வெற்றர்களுக்கு மேல் மருமகனின் கனத்த மேலங்கியையும் அணிந்துகொண்டுதான் வாகனத்திலிருந்து இறங்கினார்.

அந்த மலைகளின் அழகைப் பற்றி எழுதுவதற்கு ஆற்றலும் ஆர்வமும் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இங்கு எழுத விரும்புவது வேறொன்று. ஆண்டுதோறும் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோகும் பான்ஃப் தேசிய பூங்கா, மனிதர் கை படாத இயற்கை என்றே உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. உண்மையில் அது சட்டத்தாலும் புகையிரதத்தாலும் முட்கம்பியாலும் உருவாக்கப்பட்ட ஓர் இடம். அந்த உருவாக்கத்தின் வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல.

1885 நவம்பர்

கனடாவின் வரலாற்றில் 1885 நவம்பர் மாதம் மிக முக்கியமானது. அம்மாதம் 7 ஆம் திகதி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரெய்கெலாக்கி என்ற இடத்தில், நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த கனேடிய பசிபிக் புகையிரதப் பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. ஒன்பது நாட்கள் கழித்து, 16 ஆம் திகதி, மெற்றி மக்களின் தலைவரான லூயி ரியேல் ரெஜைனா நகரில் தூக்கிலிடப்பட்டார். ஐரோப்பியருக்கும் பூர்வகுடிகளுக்கும் பிறந்த வழித்தோன்றல்களான மெற்றி மக்கள், தமது நிலவுரிமைக்காக அவ்வாண்டின் வசந்த காலத்தில் கிளர்ந்தெழுந்தபோது, அதனை நசுக்குவதற்கான படைகளை விரைவாகக் கொண்டுசென்றது முற்றுப்பெறாதிருந்த அதே புகையிரதப் பாதைதான். ரியேல் தூக்கிலிடப்பட்டு மேலும் ஒன்பது நாட்கள் சென்று, 25 ஆம் திகதி, பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்டின் அரசாங்கம் பான்ஃப் பகுதியில் வெந்நீரூற்றுக்களைச் சூழவுள்ள 26 சதுர கிலோமீற்றர் நிலத்தை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்தது. கனடாவின் முதலாவது தேசிய பூங்காவின் வித்து அதுவே.

பத்தொன்பது நாட்களுக்குள் நடந்தேறிய இந்த மூன்று நிகழ்வுகளையும் பாடநூல்கள் பொதுவாகத் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கும். ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அவற்றின் தொடர்பு புலப்படும். புகையிரதம் வந்தது, எதிர்த்தவர்கள் அடக்கப்பட்டார்கள், நிலம் அரசுக்குரியதாயிற்று. அப்பாதையை மலைகளினூடே அமைப்பதற்கு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள். வேலை முடிந்த அதே 1885 ஆம் ஆண்டில், கனடாவுக்குள் வரும் சீனர்கள் மீது 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டமையையும் இங்கு சேர்த்துக் கூறவேண்டும்.

வெந்நீரூற்றுக்கு உரிமையாளர் யார்?

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக்களை அறிந்த எமக்கு, ஊற்று ஒன்று யாருக்குச் சொந்தமானது என்ற கேள்வி எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பது தெரியும். பான்ஃப் வரலாறும் அவ்வாறான ஒரு கேள்வியுடனேயே தொடங்குகிறது. 1883 இல் புகையிரத நிறுவனத்தின் மூன்று தொழிலாளர்கள், நிலத்திலிருந்து ஆவி எழும் துளை ஒன்றைக் கண்டு, அதனூடாகக் குகைக்குள் இறங்கி வெந்நீர்த் தடாகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவந்த கதை. கண்டுபிடித்தவர்கள் உரிமை கோரினார்கள், வேறு சிலரும் கோரினார்கள். பிணக்கைத் தீர்ப்பதற்கு அரசாங்கம் கண்ட வழி, எவருக்கும் இல்லையென்று தானே அதனை எடுத்துக்கொள்வதாகும். அந்த நீரின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஸ்ரோனி நக்கோடா மக்களின் பெயர் உரிமை கோரியோர் பட்டியலில் இல்லை. அவர்களை எவரும் கேட்கவுமில்லை.

1887 இல் நிறைவேற்றப்பட்ட ரொக்கி மலைப் பூங்காச் சட்டம் ஒதுக்கிடத்தை 673 சதுர கிலோமீற்றராக விரிவாக்கியது. மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்குமானது இப்பூங்கா என்று அச்சட்டம் கூறியது. மக்கள் என்றால் யார் என்பதை மறு ஆண்டில் திறக்கப்பட்ட பான்ஃப் ஸ்பிறிங்ஸ் ஹோட்டல் தெளிவுபடுத்தியது. புகையிரத நிறுவனத்தை நடத்திய வில்லியம் வான் ஹோர்ண், இயற்கைக் காட்சியை ஏற்றுமதி செய்ய இயலாதாகையால் உல்லாசப் பயணிகளை இறக்குமதி செய்வோம் என்ற கருத்தில் பேசியதாகச் சொல்வார்கள். பெருஞ்செலவில் அமைத்த பாதைக்கு வருவாய் தேவைப்பட்டது. பணம் படைத்த பயணிகள் முதலாம் வகுப்புப் பெட்டிகளில் வந்திறங்கினார்கள். பான்ஃப் என்ற பெயரே புகையிரத நிறுவனத்தின் தலைவர் பிறந்த ஸ்கொட்லாந்துப் பிரதேசத்தின் பெயர்தான்.

நகரத்தையொட்டி நிற்கும் சிறிய மலைக்குச் சுரங்க மலை என்று பெயர். அதில் சுரங்கம் எதுவும் கிடையாது. அதனைக் குடைந்து புகையிரதப் பாதை அமைக்க நில அளவையாளர்கள் முதலில் திட்டமிட்டார்கள், பின்னர் ஆற்றோரமாகச் சுற்றிச்செல்லும் எளிய வழி இருப்பதைக் கண்டு கைவிட்டார்கள். வெட்டப்படாத சுரங்கத்தின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. பூர்வகுடிகள் அதனை உறங்கும் எருமை என்றார்கள். கிழக்கே நின்று பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

வழிகாட்டியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும்

இரண்டாம் நாள் லூயிஸ் ஏரிக்குச் சென்றோம். பனியாறு பாறையை அரைத்துக் கொணரும் நுண்துகள் நீரிற் கலந்து மிதப்பதனால் அந்த ஏரிக்கு மயில்கழுத்து நிறம் வாய்த்திருக்கிறது. கரையோரத்தில் மெல்லிய பனித்தகடு படியத் தொடங்கியிருந்தது. விறைத்த விரல்களுடன் எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாமும் எடுத்தோம்.

1882 இல் புகையிரத அளவையாளர்களுக்குப் பொதி சுமக்கும் குதிரைகளை ஓட்டிவந்த ரொம் வில்சன் என்பவர், மலைக்குள் இடிபோன்ற ஓசை எழுவதைக் கேட்டு, அது என்னவென்று ஸ்ரோனி நக்கோடா இனத்தவரான எட்வின் ஹன்ரரிடம் வினவினார். சிறு மீன்களின் ஏரிக்கு மேலேயுள்ள பனிமலையிலிருந்து சரியும் பனியின் ஓசை அது என்று கூறிய ஹன்ரர், மறுநாள் அவரை அங்கு அழைத்துச் சென்று காட்டினார். வில்சன் அதற்கு மரகத ஏரி எனப் பெயரிட்டார். ஈராண்டுகள் கழித்து, விக்ரோறியா மகாராணியின் மகளும் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்தவரின் மனைவியுமான இளவரசி லூயிஸ் கரோலின் அல்பேர்ட்டாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவருடைய பெயரின் இன்னொரு பகுதி மாகாணத்தின் பெயராயிற்று. சிறு மீன்களின் ஏரி என்ற பழைய பெயர் பின்னர் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களில் ஒரு சுவையான துணுக்காகச் சுருங்கிவிட்டது.

தம்மை மலையின் மக்கள் என்றே அழைத்துக்கொள்ளும் ஸ்ரோனி நக்கோடாக்கள், 1877 செப்டெம்பர் 22 ஆம் திகதி முடியரசுடன் ஏழாம் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டவர்களில் அடங்குவர். குடியேற்றத்துக்கு எடுக்கப்படாத நிலங்களில் வேட்டையாடும் உரிமை தொடரும் என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. பான்ஃபுக்கும் கல்கரிக்கும் இடையில் மோர்லி என்ற இடத்தில் அவர்களுக்கென ஒதுக்கிடம் ஒன்று அமைக்கப்பட்டது. பூங்கா உருவான பின்னர், தமது முன்னோர் வேட்டையாடிய பள்ளத்தாக்குகளில் வேட்டையாடுவது குற்றமாயிற்று. பயணிகள் பார்ப்பதற்கும் விளையாட்டு வேட்டைக்காரர்கள் எல்லைக்கு வெளியே சுடுவதற்கும் விலங்குகள் பெருகவேண்டும், பூர்வகுடிகள் பயிர்செய்து நாகரிகம் பெறவேண்டும் என்பன கூறப்பட்ட காரணங்கள்.

1885 கிளர்ச்சிக்குப் பின்னர் மேற்குப் பிராந்தியங்களில் பாஸ் முறை ஒன்றும் புகுத்தப்பட்டது. ஒதுக்கிடத்தை விட்டு வெளியே செல்வதற்கு அரசாங்க முகவரிடம் எழுத்துமூல அனுமதி பெறவேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கவில்லை, ஆயினும் பல தசாப்தங்கள் நடைமுறையில் இருந்தது. பாஸ் என்ற அந்தச் சிறிய சொல்லின் கனத்தை, போர்க்காலத்தில் வவுனியாவில் வரிசையில் நின்ற எமக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

விசித்திரம் என்னவெனில், வெளியேற்றப்பட்ட அதே மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை பூங்காவுக்குள் அழைக்கப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1978 வரை நடைபெற்ற பான்ஃப் இந்தியர் தினங்கள் என்ற விழாவில், இறகுத் தலையணியும் தோலாடையும் அணிந்து ஊர்வலம் சென்று, கூடாரமிட்டு, குதிரையோட்டிக் காட்டுவது அவர்களுடைய பங்கு. அதனை உல்லாசப் பயணிகளுக்கான வேடிக்கை என்று மட்டும் தள்ளிவிடவும் இயலாது. தமது மலைகளுக்குள் மீண்டும் நுழையவும் உறவினரைக் காணவும் அவர்களுக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அதுவாகவும் இருந்தது.

முட்கம்பிக்குள் இருந்தவர்கள்

பான்ஃபிலிருந்து லூயிஸ் ஏரிக்குச் செல்லும் பழைய வீதியில், கோட்டை கொத்தளம்போல் எழுந்து நிற்கிறது காசில் மலை. 1858 இல் ஜேம்ஸ் ஹெக்ரர் இட்ட அப்பெயரை, இரண்டாம் உலகப் போரின் வெற்றித் தளபதியைக் கௌரவிக்கும் பொருட்டு 1946 இல் ஐசனோவர் மலை என மாற்றினார்கள். மக்களின் எதிர்ப்புக் காரணமாக 1979 இல் பழைய பெயர் திரும்பியது.

அம்மலையின் அடிவாரத்தில் வீதியோரமாக ஒரு மனிதனின் சிலை நிற்கிறது. ‘ஏன்?’ என்பதே 1995 இல் நாட்டப்பட்ட அச்சிலையின் பெயர். முதலாம் உலகப் போரின்போது, 1914 இன் போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ், ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்கள் எதிரி நாட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். நாடு முழுவதும் 24 முகாம்களில் 8,579 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையினர் உக்ரேனிய ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். நாட்டில் நிலம் தருவோம் வாருங்கள் என்று அழைக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்த குற்றம், அவர்களைத் தம் குடிகளாகக் கொண்டிருந்த பேரரசு பிரித்தானியாவுடன் போருக்குப் போனது மட்டுமே.

காசில் மலை முகாம் 1915 ஜூலையில் திறக்கப்பட்டது. கோடையில் முட்கம்பிக்குள் கூடாரங்களில் வாழ்ந்த கைதிகள், பனிக்காலத்தில் பான்ஃப் வெந்நீரூற்றுக்கு அருகிலுள்ள கொட்டில்களுக்கு மாற்றப்பட்டார்கள். பூங்காவின் வீதிகளை அமைக்கும் வேலைக்கு நாளொன்றுக்கு 25 சதம் கூலி. 1917 இல் முகாம் மூடப்படும் வரை அவர்கள் வெட்டிய வீதிகளுள் லூயிஸ் ஏரியை நோக்கிச் செல்வதும் ஒன்று. நாம் சூடேற்றப்பட்ட வாகனத்தில் அமர்ந்து பூச்சியத்துக்குக் கீழே ஏழு பாகையைப் பற்றி முறையிட்டுக்கொண்டு சென்ற திசை அதுவே. உக்ரேனிய சமூகத்தின் நீண்டகால வற்புறுத்தலின் பின்னர், 2005 இல் நாடாளுமன்றம் இந்த அநீதியை அங்கீகரித்துச் சட்டமியற்றியது. 2013 இல் வெந்நீரூற்றின் அருகிலேயே இதற்கெனக் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. மக்கள் பெருமளவில் வந்துபோகும் உல்லாசத் தலத்தின் வாசலிலேயே தனது தவறை எழுதிவைக்கும் அரசுகள் உலகில் அதிகமில்லை. எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் தாமதமாகவேனும் அது செய்யப்பட்டிருக்கிறது.

கொன்று, பின்னர் கொண்டுவந்த விலங்குகள்

பான்ஃப் நகரின் புல்வெளியில் எல்க் மான் கூட்டமொன்றைக் கண்டோம். ஒக்டோபரில் இணைசேரும் பருவம் முற்றாக ஓய்ந்திருப்பதில்லை. கிளைத்த கொம்புகளுடன் நின்ற ஆண்மான் எழுப்பிய குரல், அவ்வளவு பெரிய உடலுக்குப் பொருந்தாத மெல்லிய சீழ்க்கை. மானிலிருந்து 30 மீற்றரும் கரடியிலிருந்து 100 மீற்றரும் தள்ளி நிற்கவேண்டும் என்பது பூங்காவின் விதி. பேரன் அந்த 30 மீற்றரைக் காலடிகளால் அளக்க முற்பட்டபோது மருமகன் அவனைத் தூக்கி வாகனத்துள் அமர்த்தினார்.

இந்த மான்களும் தொன்றுதொட்டு அங்கேயே தொடர்ந்து வாழ்ந்தவை அல்ல. வேட்டையினால் அருகிப்போன எல்க் மான்களை 1917 முதல் 1920 வரையான காலத்தில் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்காவிலிருந்து புகையிரதத்தில் ஏற்றிவந்து விட்டார்கள். மறுபுறத்தில், ஓநாய் தீயவிலங்காகக் கருதப்பட்டது. 1950களில் விசர்நோயைக் காரணங்காட்டி நஞ்சு வைக்கப்பட்டதில் அவை ஏறத்தாழ அற்றுப்போய், 1980களிலேயே தாமாகத் திரும்பின. எந்த விலங்கு வாழலாம், எது சாகவேண்டும் என்பதும் காலத்துக்குக் காலம் அலுவலகங்களிற் தீர்மானிக்கப்பட்ட விடயமாகவே இருந்திருக்கிறது.

நல்ல தீர்மானங்களும் உண்டு. பூங்காவை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் விலங்குகள் வாகனங்களில் அடிபட்டு மாண்டுகொண்டிருந்தமையால், வீதியின் இருமருங்கும் வேலியிட்டு, விலங்குகள் கடப்பதற்கென மரமும் புல்லும் வளர்ந்த மேம்பாலங்களையும் கீழ்வழிகளையும் அமைத்தார்கள். இன்று ஆறு மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளும் இருக்கின்றன. விபத்துக்கள் 80 சதவீதத்துக்கும் அதிகமாகக் குறைந்துவிட்டன. கிறிஸ்லி கரடிகள் முதற் சில ஆண்டுகள் ஐயத்துடன் ஒதுங்கியிருந்து, பின்னர் பழகிக்கொண்டன. யானைகள் புகையிரதத்தில் மோதுண்டு இறக்கும் செய்திகளை இடைவிடாது வாசிக்கும் நாட்டிலிருந்து சென்றவனுக்கு, அந்தப் பாலங்களின் கீழாகப் பயணிக்கும்போது பொறாமை ஏற்படுவது இயல்பே.

உருகும் பனியாறு

மூன்றாம் நாள் வடக்கே ஜஸ்பர் பூங்காவுக்குச் சென்று அதபாஸ்கா பனியாற்றின் முன்னால் நின்றோம். அங்கு அடித்த காற்றில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் நிற்கவில்லை. கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் அப்பனியாறு ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேலாகப் பின்வாங்கியிருக்கிறது. இன்ன ஆண்டில் பனியின் விளிம்பு இங்கிருந்தது என்று காட்டும் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துதான் பனியை அணுகவேண்டும்.

1907 இல் பிரகடனம் செய்யப்பட்ட ஜஸ்பர் பூங்காவிலும் அதே கதைதான். அதபாஸ்கா பள்ளத்தாக்கில் வீடுகட்டிப் பயிரிட்டு வாழ்ந்த மெற்றி குடும்பங்கள், 1910 இல் சிறிய இழப்பீட்டுடன் வெளியேற்றப்பட்டன. காட்டைச் சிறு சிறு தீகளால் பராமரிக்கும் பூர்வகுடிகளின் வழக்கமும் அவ்வாறே தடைசெய்யப்பட்டு, தீயை எங்கு கண்டாலும் அணைப்பதே கொள்கையாயிற்று. விளைவாகக் காடு அடர்ந்து, எரிபொருள் குவிந்தது. 2024 ஜூலையில் ஜஸ்பர் நகரின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கட்டடங்களைக் காட்டுத்தீ விழுங்கியதற்கு வெப்பமும் வரட்சியும் மட்டுமே காரணமல்ல, இதுவும் ஒன்று என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். மனிதரை அகற்றிவிட்டால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எருமைகளின் மீள்வருகை

வட அமெரிக்கச் சமவெளிகளில் ஒருகாலத்தில் பல கோடிக்கணக்கில் திரிந்த பைசன் எருமைகள், 1880களுக்குள் துப்பாக்கிகளால் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த மக்கள் பட்டினியால் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். பான்ஃபில் 1897 முதல் நூறு ஆண்டுகள் அவை வேலிக்குள் வைத்துக் காட்டப்பட்டன. 2017 பெப்ரவரியில் எல்க் ஐலண்ட் பூங்காவிலிருந்து 16 பைசன்கள் கொள்கலன்களில் ஹெலிகொப்ரர் மூலம் பான்ஃபின் உட்பள்ளத்தாக்கு ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டு, 2018 ஜூலையில் திறந்த வெளியில் விடப்பட்டன. இப்போது அவற்றின் தொகை நூறைத் தாண்டிவிட்டது. 2024 இலையுதிர் காலத்தில், ஸ்ரோனி நக்கோடா மக்கள் பூங்காவுக்குள் சென்று, தமது சடங்கு முறைப்படி பைசனை வேட்டையாடினார்கள். எந்தச் செயலுக்காக அவர்களுடைய பாட்டன்மார் தண்டிக்கப்பட்டார்களோ, அதே செயலைச் செய்வதற்கு அரசாங்கமே அவர்களை வரவேற்றது.

இதனை முழுமையான நீதி என்று நான் கூறமாட்டேன். நிலம் இன்னும் அரசின் நிலம்தான், அனுமதி வழங்குவதும் அரசுதான். ஆயினும், மலைக்கும் மனிதருக்கும் விலங்குக்கும் இடையில் அறுக்கப்பட்ட உறவொன்று முடிச்சிடப்படுகிறது.

எமது நாட்டில் 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, அக்காடுகளில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடுவர்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். வேடுவத் தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் சிலருடன் தம்பானையை விட்டு அகல மறுத்து, 1998 இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வாண்டின் ஏனைய நிகழ்வுகளின் இருளில், இது எமது பத்திரிகைகளின் கவனத்தை அதிகம் பெறவில்லை. கனடா நூறு ஆண்டுகளுக்கு முன்னர் செய்ததை நாம் பின்னர் செய்தோம். கனடா இப்போது செய்யத் தொடங்கியிருப்பதைச் செய்ய எமக்கு எத்தனை காலம் எடுக்குமோ?

காடுகளும் வனவிலங்குகளும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பூங்காவாக அறிவிக்கப்பட்டிராவிட்டால் பான்ஃப் பள்ளத்தாக்கு சுரங்கங்களுக்கும் மரவாடிகளுக்கும் இரையாகியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நிலத்தை எவருமற்ற வனம் என்று அரசாங்கமொன்று வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டும்போது, அந்தப் பச்சைக்கு அடியில் யாருடைய அடுப்புகள் அணைந்தன என்று விசாரிப்பது பத்திரிகைக்காரனின் கடமை. அங்கு செல்லும் பயணியும் அதனைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மலையின் அழகு குறைந்துவிடாது.